ஊறுகாய் போடுமுன் ஜாடியைப் பாருங்கள்

பெயிண்ட் வாளியில் ஊறுகாய் போடலாமா என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டார். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது மிஞ்சிய இருபது லிட்டர் வாளி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, மொட்டை மாடியில் நன்றாகக் காய வைத்திருந்தார், முகர்ந்து பார்த்தால் பெயிண்ட் வாடைகூட இல்லை. நத்தத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு சாக்கு கிளிமூக்கு மாங்காயைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள், வீட்டில் இருக்கிற பீங்கான் ஜாடி அதற்குக் காணாது. "கூடாது மதினி, வேண்டவே வேண்டாம்" என்று சொன்னேன். ஏன் கூடாது என்பதை வாசலில் நின்று அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. அதை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் ஊறுகாய்க்கு மிளகாய்த்தூள் எவ்வளவு, வெந்தயம் வறுக்கலாமா, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றலாமா என்றெல்லாம் ஆளுக்கு ஆள் பேசுகிறோம், எதில் போட்டு வைக்கிறோம் என்ற பேச்சு மட்டும் வருவதே இல்லை.

சமைக்கிற பாத்திரத்துக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காலம்தான். புளிக்குழம்பு சட்டியில் அரை மணி நேரம் கொதிக்கும், மத்தியானச் சாப்பாட்டோடு காலியாகிவிடும். மாவடு மாசிக் கடைசியில் ஜாடிக்குள் போனால் அடுத்த மாசி வரை அதே ஜாடிக்குள்தான் கிடக்கிறது. அந்த ஒரு வருஷமும் புளிப்பும் உப்பும் உள்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன, எண்ணெய் ஊறுகாய் என்றால் எண்ணெயும் கூடச் சேர்ந்துகொள்கிறது. புளிப்பு உலோகத்தைக் கரைக்கும், மட்டமான பீங்கான் பூச்சையும் கரைக்கும். உப்பு உலோகத்தை அரிக்கும், எவர்சில்வரைக்கூட விட்டுவைக்காது. எண்ணெய்க்கு பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் சில பொருள்களை வெளியே இழுக்கும் சக்தி உண்டு. இதற்கெல்லாம் மேலே எங்கள் ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடுகிற மதுரையில், சிமெண்டுத் தளத்தில் மூன்று நாள் வெயிலில் வைக்கிற பாத்திரத்துக்குள் எந்த வேதிவினையும் சும்மா இருக்காது, சூட்டில் எல்லாமே வேகம் பிடிக்கும்.

அதனால் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்தால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஒரு வருஷத்தில் இது ஊறுகாய்க்குள் எதை விடும்?

இந்தப் புளிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். முடியாது, குறைக்கவும் கூடாது. ஊறுகாயைக் காப்பதே அந்தப் புளிப்புதான். காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர் இருக்கிறது, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (புளிப்பு கூடக்கூட இது குறையும்) 4.6க்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் அதனால் வளர முடியாது. எலுமிச்சை, புளி, வினிகர், உப்புத்தண்ணீரில் காய்கறி தானாகப் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம், எல்லாமே செய்கிற வேலை இதுதான். பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு இறுக்கி மூடி வெளியே வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான், பூண்டில் புளிப்பு இல்லை, எண்ணெய்க்குள் காற்றும் இல்லை. பூண்டு ஊறுகாய்க்குப் புளியையோ எலுமிச்சைச் சாற்றையோ தாராளமாக விட வேண்டும். புளிப்பு பலமாக இருந்தால்தான் ஊறுகாய் பத்திரம், அந்தப் புளிப்பைத் தாங்குகிற மாதிரி இருந்தால்தான் பாத்திரம் பத்திரம்.

சரி, பெயிண்ட் வாளி. பிளாஸ்டிக் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் தன்மேல் பட்டதைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். மஞ்சள் சாதம் கட்டிக் கொடுத்த டப்பா எத்தனை தேய்த்தாலும் மஞ்சளாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்டில் நிறமிகள் உண்டு, தண்ணீர் கலந்த எமல்ஷன் பெயிண்ட் கெட்டுப்போகாமல் இருக்கக் கிருமிகொல்லிகளும் சேர்ப்பார்கள். வாடை போய்விட்டது என்பதால் அவையும் போய்விட்டன என்று ஆகாது. அதோடு, அந்த வாளி செய்யப்பட்டதே உணவுக்காக இல்லை. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்திருக்கலாம், என்ன சாயம் போட்டிருக்கிறார்கள் என்று நமக்கோ கடைக்காரருக்கோ தெரியாது.

வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்குமே, 5 போட்டிருந்தால் நல்ல பிளாஸ்டிக் என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும் சொல்லும். 1 என்றால் பெட், 2 என்றால் அடர்த்தியான பாலிஎத்திலீன், 3 பிவிசி, 5 பாலிப்ரொப்பிலீன், 7 என்றால் இவற்றில் சேராத மற்றவை. அதே 5ஆம் எண் பிளாஸ்டிக்கில் சாப்பாட்டு டப்பாவும் செய்கிறார்கள், பெயிண்ட் வாளியும் செய்கிறார்கள். நாம் தேட வேண்டியது கண்ணாடித் தம்ளரும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அந்தச் சின்னத்தை, அல்லது உணவுக்கானது என்று எழுதியிருக்கிறதா என்பதை.

நீல நிற டிரம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏற்றுமதிக்கு கெர்கின் என்ற குட்டி வெள்ளரிக்காயை கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் விளைவித்து, உப்புத்தண்ணீரிலோ வினிகரிலோ போட்டுப் பெரிய பிளாஸ்டிக் டிரம்களில் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரனே டிரம்மில் போடுகிறான் நாம் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவை உணவுக்கென்றே செய்த புது டிரம்கள். நம் ஊரில் பழைய சாமான் கடையில் கிடைக்கிற நீல டிரம்முக்குள் முன்னால் என்ன இருந்தது என்பது விற்பவருக்கே தெரியாது, சாயப்பட்டறை ரசாயனமாக இருக்கலாம், தரை கழுவுகிற ஆசிடாக இருக்கலாம். தண்ணீர் பிடித்துத் தோட்டத்துக்கு ஊற்றலாம். வாயில் வைக்கிற எதையும் அதில் வைக்காதீர்கள். எண்ணெய் வாங்கிக் காலியான தகர டின்னும் அப்படியே. ஒரு தடவை உபயோகித்த டின்னில் மறுபடி உணவை அடைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதியே வியாபாரிகளுக்குச் சொல்கிறது. ஊறுகாய் உப்புக்கு அந்தத் தகரம் சில வாரம்கூடத் தாங்காது.

பிளாஸ்டிக்கே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் வாங்குகிற ஊறுகாய் பெட் ஜாடியில்தான் வருகிறது, அது உணவுக்குரிய தரத்தில், ஆறிய பொருளை அடைக்கத் தயாரானது. தீர்ந்தபிறகு அதே ஜாடியில் நம் வீட்டில் தாளித்த எண்ணெயைச் சூடாக ஊற்றுவதுதான் தப்பு. பெட் பிளாஸ்டிக் 70 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும், காய்ந்த எண்ணெய் அதைவிட ரொம்ப அதிகச் சூடு. ஊருக்குப் போகும் பிள்ளைக்கு ஆறிய ஊறுகாயைக் கொஞ்சம் கொடுத்துவிட உணவுக்கான டப்பா போதும். வருஷம் முழுக்கப் போட்டு வைக்கவும் வெயிலில் காயவைக்கவும் பிளாஸ்டிக் எனக்குச் சம்மதமில்லை.

இனி பீங்கான். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது இதைத்தான்.

மேல்பாதி காப்பிக் கலரும் கீழ்ப்பாதி வெள்ளையுமாக, இரண்டு பக்கம் காது வைத்து, கனத்த மூடியோடு இருக்கிற அந்தப் பழைய ஜாடியை மதுரைப் பக்கத்தில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அப்பத்தா காலத்து வீடுகளில் அடுக்களைக்குப் பக்கத்து இருட்டு அறையில் பெரிசு சிறிசாக வரிசையாக நிற்கும், நார்த்தங்காய்க்கு ஒன்று, மாவடுக்கு ஒன்று, கடாரங்காய்க்கு ஒன்று. அந்த வகை ஜாடியை 1,200 டிகிரி சூட்டிலும் அதற்கு மேலும் சுடுவார்கள். அந்தச் சூட்டில் களிமண்ணே இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும், தண்ணீர் உறிஞ்சாது, மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சும் மண்ணோடு ஒட்டிப்போகும். புளிப்புக்கும் உப்புக்கும் அது அசையாது. நல்ல ஜாடி என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

ஆனால் பீங்கான் என்று கடையில் விற்பதெல்லாம் இது இல்லை. குறைந்த சூட்டில் சுட்ட மண்ணுக்கு மேலே பளபளவென்று பூசி, பூப்போட்டு, மயில் வரைந்து வருகிற ஜாடிகளும் பீங்கான் என்ற பெயரில்தான் விற்கின்றன. அந்தக் கண்ணாடிப் பூச்சு உருக நல்ல சூடு வேண்டும். பூச்சில் காரீயம் என்ற நச்சு உலோகத்தைச் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும், சூளைச் செலவு மிச்சம், பளபளப்பும் கூடும், நிறமும் எடுப்பாக வரும். அதனால் உலகம் முழுக்க நூற்றாண்டுகளாகக் குயவர்கள் காரீயப் பூச்சை உபயோகித்து வந்திருக்கிறார்கள். சரியாகச் சுடாமல் விட்டால் அந்தக் காரீயம் புளிப்பு பட்டதும் கரைந்து உணவில் இறங்கும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்கு காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தைச் சேர்ப்பதும் உண்டு.

1970ல் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவம் இது. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில், கையால் செய்த மண் ஜாடியில் ஊற்றி வைத்திருந்த ஆப்பிள் சாற்றைக் குடித்து ஒரு சிறு பையன் காரீய நஞ்சால் இறந்துபோனான். ஜாடியின் பூச்சில் இருந்த காரீயத்தை ஆப்பிளின் புளிப்பு கரைத்து எடுத்திருக்கிறது. அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்னால், 1767ல், ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்களுக்கு வந்த கடுமையான வயிற்றுவலிக்கு, பழத்தைப் பிழிகிற ஆலையில் இருந்த காரீயமே காரணம் என்று காட்டினார். ஆப்பிளின் புளிப்பே இவ்வளவு செய்யும் என்றால் எலுமிச்சைச் சாறும் புளியும் ஒரு வருஷம் கிடந்தால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

காரீயத்தில் எனக்குப் பெரிய பயம் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதுதான். ஊறுகாய் பூசணம் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் சிக்கடித்தால் மூக்குக்குத் தெரியும். காரீயம் இறங்கின ஊறுகாய் எப்போதும் போலவே ருசிக்கும். உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், எலும்பில் போய்த் தங்கும், குழந்தைகளுடைய மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும், கர்ப்பிணிகள் வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய எல்லையே காரீயத்துக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீட்டில் சோறு பிசைந்து ஊட்டும்போது பிள்ளை நாக்கில் முதலில் தடவுகிற காரம் எது, இந்த ஊறுகாய்ச் சாறுதானே.

அப்படியானால் ஜாடியை எப்படிப் பார்த்து வாங்குவது. சித்திரைத் திருவிழாவை ஒட்டிப் பொருட்காட்சி போடும்போது வெளியூர் பீங்கான் கடைகள் வரும், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பாத்திரக் கடைகளிலும் கிடைக்கும், ரோட்டோரத்தில் வைக்கோல் பரப்பிக் குவித்து வைத்தும் விற்பார்கள். எங்கே வாங்கினாலும் முதலில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாகவோ லேசான மஞ்சள் கலந்த வெள்ளையாகவோ ஒரே நிறமாக, வழவழவென்று இருக்க வேண்டும், உள்ளே பூவும் கொடியும் வரைந்திருந்தால் அழகாக இருந்தாலும் வேண்டாம். விளிம்பிலும் வண்ணம் இருக்கக் கூடாது, மூடியின் உள்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும், ஊறுகாய்ச் சாறு அங்கேயும் தெறிக்கும். விரல் மடக்கித் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், அடைத்த சத்தம் வந்தால் எங்கேயோ கீறல் இருக்கிறது அல்லது மண் சரியாக வேகவில்லை. அடியில் பூச்சு இல்லாத வட்டம் ஒன்று இருக்குமே, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சட்டென்று உறிஞ்சினால் அது குறைந்த சூட்டில் சுட்டது. இந்த ஒரு சோதனையைக் கடையிலேயே செய்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காரீயம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள், விருத்தாசலத்திலும் வடக்கே குர்ஜாவிலும் பீங்கான் தொழில் பெரிய அளவில் நடக்கிறது, எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் வாங்குவது நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஜாடி நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு பழைய செய்தித்தாள்மேல் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தாள் ஈரமாக இருந்தால் கசிவு இருக்கிறது. பழைய ஜாடி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து உள்ளே தடவி, கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால், முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் இருந்தால் மஞ்சள் கோடாகத் தெரியும். அந்த வெடிப்பு வழியாகச் சாறு பூச்சுக்கு அடியில் போகும், அங்கே ஈரமும் எண்ணெயும் தங்கிப் பூசணத்துக்கு இடம் கொடுக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. ஜாடியின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் இதே கதைதான்.

இதில் எதுவும் காரீயம் இருக்கிறதா இல்லையா என்று நேராகச் சொல்லாது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆய்வகத்தில் செய்கிற முறையான சோதனையில், வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தை 4 சதவீத அளவில் பாத்திரத்தில் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, அதற்குள் எவ்வளவு காரீயமும் காட்மியமும் இறங்கியது என்று அளப்பார்கள். வீட்டில் தேய்த்துப் பார்க்கிற சோதனைக் குச்சிகள் சிறிய அளவைத் தவறவிட்டுவிடும், நிறம் மாறினால் ஜாடியை ஒதுக்கிவிடலாம், மாறவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிட முடியாது. அதனால் எனக்குச் சந்தேகம் வந்த ஜாடியில் ஊறுகாய் போடுவதில்லை, அவ்வளவுதான். சந்தேகத்தின் பலனை ஜாடிக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

உலோகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, ஊறுகாயை எந்த உலோகத்திலும் சேர்த்து வைக்காதீர்கள். செம்பும் பித்தளையும் புளிப்பில் கரைந்து பச்சைக் களிம்பு பிடிக்கும், வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசி உபயோகித்தார்களே என்றால், சமையலுக்கு உபயோகித்தார்கள், தேயத் தேய மறுபடி பூசினார்கள், அதுவும் சுத்தமான வெள்ளீயமாக இருந்தால்தான், மலிவுக்குக் காரீயம் கலந்த ஈயம் பூசிவிட்டால் திரும்பவும் அதே நஞ்சுதான். துத்தநாகம் பூசின வாளியில் புளிப்புள்ள எதையும் வைக்கக் கூடாது. எனாமல் பாத்திரம் ஓரிடத்தில் சிதறினாலும் அங்கே துருப்பிடிக்கும்.

அலுமினியம் புளிப்பிலும் உப்பிலும் பொத்தல் பொத்தலாக அரித்துப்போகும், ஊறுகாயும் கறுத்து ஒரு மாதிரி வாடை வரும். அலுமினியக் கலவையை இண்டாலியம் என்று கனமாக விற்கிறார்களே, அது இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். அலுமினியம், பித்தளை, இண்டாலியம் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் இறங்குகிறது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது. எல்லாப் பாத்திரமும் அப்படி என்று அதற்கு அர்த்தமில்லை, பழைய உலோகக் கழிவை உருக்கிச் சேர்க்கும்போது எது உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல்.

எவர்சில்வருக்கு வருகிறேன், மதுரையில் எந்தக் கல்யாணச் சீர்வரிசையும் அது இல்லாமல் நடக்காது. மாங்காய் நறுக்கிப் போட, உப்புப் பிசிற, மசாலா கலக்க எவர்சில்வர் அண்டா அருமையானது. ஒரு ராத்திரி வைக்கலாம், தப்பில்லை. மாதக் கணக்கில் வைத்தால் உப்பு அதில் ஊசிமுனை அளவு குழிகளைப் போடும். 304 என்று சொல்கிற வகையில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், அதையே உப்பு விடாது, மலிவாகக் கிடைக்கும் 202 வகையில் நிக்கல் குறைவு, இன்னும் சீக்கிரம் அரிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, இந்த இரண்டு வகையிலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கண்ணாடியைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். புளிப்பு, உப்பு, எண்ணெய் எதற்கும் அது மசியாது, தன்னிலிருந்து எதையும் கொடுக்காது, உள்ளே இருப்பதைத் திறக்காமலே பார்த்துக்கொள்ளலாம். காய் மிதக்கிறதா, மேலே ஆடை படிந்திருக்கிறதா, எண்ணெய் மூடி நிற்கிறதா எல்லாம் வெளியிலிருந்தே தெரியும். ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் ஹார்லிக்ஸ் பாட்டில்தான் ஊறுகாய் ஜாடியாக மாறியது, இன்றைக்கும் ஜாம், காப்பித்தூள் வருகிற கண்ணாடி ஜாடிகளைக் கழுவி வைத்துக்கொண்டால் தனியாகக் காசு செலவழிக்கவே தேவையில்லை. கீழமாசி வீதியில் பலசரக்கு வாங்கப் போகிற கையோடு பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று வாங்குவதைவிட, அரைக் கிலோ, ஒரு கிலோ பிடிக்கிற சிறிய ஜாடிகளாக நாலைந்து வைத்துக்கொள்வதே எனக்குப் பிடிக்கும். பெரிய ஜாடியைத் தினமும் திறந்தால் தினமும் காற்றும் ஈரமும் போகும், ஒன்றில் பூசணம் பிடித்தாலும் மற்றது தப்பிக்கும்.

கழுவின ஜாடியைக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து அடுப்பில் ஏற்றி, மெதுவாகச் சூடாக்கி, கொதி வந்தபின் பத்து நிமிஷம் விட்டு, துணிமேல் கவிழ்த்து, அப்புறம் நல்ல வெயிலில் சொட்டு ஈரம் இல்லாமல் காய வைக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும், காய்ந்த எண்ணெயை அதில் ஊற்றினாலும் விரிசல் விட்டுவிடும், எண்ணெயைக் காய்ச்சி நன்றாக ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். விளிம்பில் சிதறல் இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள், அந்தச் சில்லு ஊறுகாய்க்குள் விழுந்தால் கண்டுபிடிக்க முடியாது.

கண்ணாடி ஜாடியில் பலவீனமான இடம் மூடிதான். தகர மூடிக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அது கீறிவிட்டால் உப்பு நேராகத் தகரத்தில் பட்டு, சில மாதத்தில் துருத் தூள் ஊறுகாயில் உதிரும். துரு தெரிந்ததும் மூடியை மாற்றிவிடுங்கள். கண்ணாடி மூடியும் ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் வைத்த ஜாடி கிடைத்தால் அது நல்ல வசதி. ஊறுகிற முதல் சில நாளைக்கு மூடியே வேண்டாம், வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து வேடு கட்டினால் போதும், வெயிலில் வைக்கும்போது உள்ளே கோக்கும் ஈரமும் வெளியேறும்.

உப்புத்தண்ணீரில் காய்கறி போடுபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். கேரட், வெள்ளரிப் பிஞ்சு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், நெல்லிக்காய் என்று எது கிடைத்தாலும் போடலாம், பிள்ளைகள் கொரிய நாடகம் பார்த்துவிட்டு முட்டைக்கோஸில் கிம்ச்சி போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளரிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு என்பது நல்ல கணக்கு. இந்த வகையில் காய் புளிக்கும்போது கரியமில வாயு நிறைய வரும், கண்ணாடி ஜாடியை விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடினால் வெடிக்கவே வாய்ப்பு உண்டு. மேலே இரண்டு விரல் இடம் விட்டு, மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். காய் தண்ணீருக்கு மேலே தலை நீட்டினால் அந்த இடத்தில்தான் பூசணம் பிடிக்கும், அதனால் மேலே பாரம் வைக்க வேண்டும். ஆற்றங்கரையில் பொறுக்கின கல்லை வைக்காதீர்கள், சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் புளிப்பில் கரைந்து ஊறுகாயின் புளிப்பையே குறைத்துவிடும். உள்ளே நுழைகிற அளவு ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும். தோள் குறுகின ஜாடியாக இருந்தால் காயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடியில் நிற்கும், ஜாடி வாங்கும்போது அந்த வடிவத்தைப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

மானாமதுரை மண்பானையைக் கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த ஊரில்தான் கடமும் செய்கிறார்கள், நம் பக்கத்துப் பெருமை அது. அதில் தண்ணீர் குளிர்வது எதனால் என்றால் நுண்துளை வழியாகக் கசிந்து வெளியே ஆவியாவதால்தான். உப்புத்தண்ணீரும் அதே வழியில் வெளியே வரும், வெளியே வந்து உப்புக் கட்டியாகப் படிந்து, நாளடைவில் பானையின் தோலையே உரித்து எடுக்கும். எண்ணெய் துளைக்குள் போய்ச் சிக்கடிக்கும். காய்ந்த புளியை உப்புப் போட்டு மண்பானையில் அடைத்து வைப்பது வேறு, அதில் ஓடுகிற சாறு கிடையாது, அதைத் தாராளமாகச் செய்யலாம். மோர் மிளகாய் ஊறவைக்க ஒரு நாள் இரண்டு நாளைக்கும் சரிதான். வருஷ ஊறுகாய்க்கு மட்டும் பூச்சில்லாத மண்பானை சரிப்படாது, மினுமினுப்புக்காக வார்னிஷ் அடித்த மண்ஜாடி எதற்குமே ஆகாது.

மதினி கடைசியில் மாங்காயை மூன்று பங்காக்கினார். ஒரு பங்கை உப்பும் மஞ்சளும் போட்டு வற்றலாகக் காயவைத்தார், அதற்கு ஜாடியே வேண்டாம். ஒரு பங்கு வீட்டு ஜாடியில் போனது. மீதியைத் தெருவிலுள்ள நாலைந்து வீட்டிலிருந்து கண்ணாடி பாட்டில்களைக் கேட்டு வாங்கிப் போட்டார், பாட்டில் கொடுத்தவர்களுக்கு அதிலேயே ஒரு பங்கு. பெயிண்ட் வாளியில் இப்போது கறிவேப்பிலைக் கன்று வைக்கலாமா என்று கேட்கிறார். அதற்கும் வேண்டாம் மதினி, அரளியோ குரோட்டன்ஸோ வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.